நிலவறையிலிருந்து போல்கடாங்காவுக்கு

1981. லண்டன் கிளார்க்கன்வெல் வட்டாரத்தில், பெர்ரி தெருவில், தரைக்குக் கீழே ஓர் ஒலிப்பதிவுக்கூடம். வாடகைக்கு எடுக்க ஆள் வராத நேரங்களில் சிலர் அங்கே குறைந்த செலவில் புகுந்துகொண்டு வேலை செய்தார்கள். மிக்சிங் பலகைக்கு முன்னால் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஓர் ஆங்கிலேய இளைஞர். காங்கா முரசுகளுக்குப் பின்னால் ஜமைக்காவில் பிறந்த ஒரு தாளக்கலைஞர். அந்தந்த நாளில் யாருக்கு நேரம் வாய்த்ததோ அவர்கள் பேஸ் கிட்டாரோடும் கீபோர்டோடும் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். அங்கே உருவான இசைத்தட்டின் அட்டையில் 'ஆப்பிரிக்கன் ஹெட் சார்ஜ்' என்று ஒரு குழுவின் பெயர் அச்சாகியிருந்தது. அப்படியொரு குழு அன்றைக்கு மேடை எதிலும் ஏறியதில்லை. அதற்கு நிலையான உறுப்பினர்களும் இல்லை. தட்டு வந்தது, பெயர் வந்தது. குழு பின்னால்தான் வந்து சேர்ந்தது.

2023 ஜூலையில் அதே பெயரில் இன்னொரு தட்டு வந்தது. 'எ ட்ரிப் டு போல்கடாங்கா' என்பது அதன் தலைப்பு. போல்கடாங்கா வடக்குக் கானாவில் உள்ள நகரம், மேல் கிழக்கு மாகாணத்தின் தலைநகர். புர்க்கினா ஃபாசோ எல்லை அங்கிருந்து தொலைவில்லை. புல்லில் பின்னும் வண்ணக்கூடைகளுக்குப் பெயர் போன ஊர். அந்தத் தாளக்கலைஞர் இப்போது வசிப்பது அங்கேதான். பாதாள அறையில் கற்பனையில் கட்டிய ஆப்பிரிக்காவிலிருந்து, வீடும் தெருவும் அண்டை அயலும் உள்ள ஆப்பிரிக்காவுக்கு அவர் போய்ச் சேர்ந்திருக்கிறார். நாற்பத்திரண்டு ஆண்டுப் பயணம். டப் ரெகே உலகில் இத்தனை நீளமும் இத்தனை திருப்பமும் கொண்ட இன்னொரு பயணத்தை நான் அறியேன்.

டப் பழக்கமில்லாத வாசகருக்காகக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1960களின் முடிவில் ஜமைக்காவில் ஒலிபெருக்கி வண்டிகளோடு நடன விருந்து நடத்துபவர்கள், குரலை நீக்கி இசையை மட்டும் வெட்டிய தட்டுகளைப் போட்டுப் பார்த்தார்கள். கூட்டம் தானே பாட ஆரம்பித்தது. அதன்பின் தட்டின் முதல் பக்கத்தில் பாட்டு, மறுபக்கத்தில் அதன் 'வெர்ஷன்' என்பது வழக்கமானது. கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியில் மின்சாதனங்களைப் பழுது பார்த்துவந்த ஆஸ்பர்ன் ரடக், அதாவது கிங் டப்பி, இந்த மறுபக்கத்தைத் தனிக் கலையாக்கினார். நான்கு தடங்கள் கொண்ட டேப், ஒரு பழைய மிக்சிங் பலகை, எதிரொலிக் கருவி. இவற்றை வைத்துக்கொண்டு குரலை ஒரு சொல்லோடு அறுத்துவிடுவார். கிட்டாரை ஒரே ஒரு வெட்டில் காட்டி மறைப்பார். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு பேஸையும் டிரம்மையும் மட்டும் நடக்க விடுவார். எடுக்கப்பட்ட ஒலியின் எதிரொலி மட்டும் சுற்றிச் சுற்றித் தேய்ந்து போகும். மிக்சிங் பலகையே வாத்தியம், ஒலிப்பொறியாளரே வித்வான் என்ற நிலை அங்கே பிறந்தது.

பெர்ரி தெரு இளைஞர் ஏட்ரியன் ஷெர்வுட் அந்த வழியில் வந்தவர். எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாதவர். ஹை விக்கம் என்ற ஊரில் பள்ளி மாணவனாக இருக்கும்போதே அங்குள்ள கரீபிய கிளப்பில் தட்டுகளைச் சுழற்றினார். பிறகு ஜமைக்கத் தட்டுகளைக் கடை கடையாகக் கொண்டுபோய் விற்றார். 1978இல் 'கிரியேஷன் ரெபெல்' என்ற குழுவின் முதல் தட்டைத் தயாரித்தபோது அவருக்கு வயது இருபது. சில காலத்தில் 'ஆன்-யு சவுண்ட்' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் தட்டுகளில் ஒரே ஆட்களே வெவ்வேறு பெயர்களில் வருவார்கள். 'கிரியேஷன் ரெபெல்', 'டப் சிண்டிகேட்', 'சிங்கர்ஸ் அண்ட் பிளேயர்ஸ்', 'நியூ ஏஜ் ஸ்டெப்பர்ஸ்' எனப் பெயர்கள் பல. ஒரு குழுவின் டிரம்மர் அடுத்த குழுவில் இருப்பார், அங்குள்ள பாடகர் இங்கே முழங்குவார். பங்க் இசைக்காரர்களும், ஆப்பிரிக்காவையே தாயகமாகக் கொள்ளும் ஜமைக்கச் சமயத்தாரான ராஸ்தாக்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்தார்கள். கூட்டு முயற்சி என்பது அங்கே கொள்கையாக வந்ததில்லை. தனித்தனியாகக் குழு நடத்தப் பணமில்லை. இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் வாசித்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

தாளக்கலைஞரின் பெயர் போன்ஜோ இயாபிங்கி நோவா. பிறந்தது ஜமைக்காவின் கிளாரண்டன் மாவட்டத்தில். இந்த விவரத்தைச் சும்மா தாண்டிப் போக முடியாது. கிளாரண்டன் கரும்பு விளையும் மண். அடிமைக் காலத்துத் தோட்டங்களிலிருந்து பிழைத்து வந்த 'புர்ரு' முரசு மரபு அந்தப் பக்கத்தில் ஊறியது. புர்ரு முரசுகள் மூன்று. கிங்ஸ்டன் சேரிகளில் ராஸ்தாக்கள் அந்த மூன்றையும் தங்கள் வழிபாட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். கவுன்ட் ஆசி என்ற மேதை அதைச் செதுக்கினார். இப்படித்தான் நியாபிங்கி இசை உருவானது. பெரிய பேஸ் முரசைத் துணி சுற்றிய கோலால் அடிப்பார்கள். 'ஃபுண்டே' மாறாமல் நாடித்துடிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். 'ரிப்பீட்டர்' அதன்மேல் தன் விருப்பம்போல் பேசும். திண்ணையில் இரண்டு பெரியவர்கள் அமைதியாக உட்கார்ந்திருக்க, துடுக்கான பேரன் நடுவில் புகுந்து கதை சொல்வதுபோல இருக்கும் அந்த அமைப்பு. போன்ஜோ சிறுவயதிலேயே இந்த முரசுகளுக்கு நடுவில் வளர்ந்தவர். பிரிட்டனுக்கு வந்தபின் ரெகே குழுக்களில் தாளம் வாசித்து, கிரியேஷன் ரெபெல் வழியாக ஷெர்வுட்டின் வட்டத்துக்குள் வந்தார்.

ராஸ்தா முரசு அவர் பிறந்த நாட்டிலேயே மதிக்கப்பட்ட பொருளாக இருக்கவில்லை. 1963 ஏப்ரலில் மான்டிகோ பே அருகே கோரல் கார்டன்ஸில் நடந்த மோதலைத் தொடர்ந்து, நாட்டின் பல பகுதிகளில் ராஸ்தாக்களைப் போலீஸ் பிடித்து அடித்தது, சிறையில் தள்ளியது, தலைமுடியைச் சிரைத்தது. அதற்கு ஜமைக்க அரசு மன்னிப்புக் கேட்க 2017 ஆனது. அடுத்த ஆண்டில், 2018இல், ஜமைக்காவின் ரெகேயை யுனெஸ்கோ மனிதகுலத்தின் கலாச்சார மரபுப் பட்டியலில் சேர்த்தது. போன்ஜோவின் வாழ்நாளுக்குள் இந்த முழு வட்டமும் நடந்து முடிந்தது.

முதல் தட்டின் தலைப்பு 'மை லைஃப் இன் எ ஹோல் இன் த கிரவுண்ட்'. நிலத்துக்குள் ஒரு குழியில் என் வாழ்க்கை என்று பொருள் வரும். அதே 1981இன் தொடக்கத்தில் பிரையன் ஈனோவும் டேவிட் பைர்னும் 'மை லைஃப் இன் த புஷ் ஆஃப் கோஸ்ட்ஸ்' என்ற தட்டை வெளியிட்டிருந்தார்கள். அவர்கள் தலைப்பை எடுத்தது நைஜீரிய எழுத்தாளர் அமோஸ் டுடுவோலாவின் 1954 நாவலிலிருந்து. போதையும் கனவும் கலந்த ஓர் ஆப்பிரிக்காவைத் தன் மனக்கண்ணில் காண்பதாக ஈனோ பேட்டி ஒன்றில் பேசியிருந்தார். ஷெர்வுட் அதைப் படித்தார். அவர் கையில் பெரிய நிறுவனத்தின் பணம் இல்லை. ஒரு பாதாள அறை இருந்தது. ஆனால் ஈனோவிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது. அது போன்ஜோவின் கை.

இரண்டு தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் இது விளங்கும். ஈனோவும் பைர்னும் வானொலியிலிருந்தும் பழைய ஒலிப்பதிவுகளிலிருந்தும் குரல்களை எடுத்து நியூயார்க் பாணித் தாளத்தின்மேல் ஒட்டினார்கள். அழகான வேலைதான். அதில் ஆப்பிரிக்கா ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்சியாக நிற்கிறது. ஹெட் சார்ஜில் கேட்பது, ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் ஏற்றிக் கொண்டுபோகப்பட்டவர்களின் வாரிசு ஒருவர் தன் பாட்டன் முப்பாட்டன் கை நினைவில் வைத்திருந்ததை அடிப்பது. அந்தக் கை ஆப்பிரிக்காவைப் பார்த்திருக்கவில்லை. தோட்டம், சவுக்கு, கடல் எல்லாவற்றையும் தாண்டி வந்த தாளம் மட்டும் அதில் தங்கியிருந்தது. ஷெர்வுட் அதை எதிரொலியில் தோய்த்து, டேப்பைத் திருப்பி ஓட்டி, இழுத்து, நறுக்கி, பூமிக்கடியிலிருந்து வருவதுபோல ஆக்கினார். அந்தத் தட்டில் 'ஃபார் அவே சான்ட்' என்று ஒரு துண்டு உண்டு. ஜமைக்கப் பாடகர் பிரின்ஸ் ஃபார் ஐயின் குரல் அதில் மந்திரம்போல உறுமும். டேவிட் லிஞ்ச் 1990இல் எடுத்த 'வைல்டு அட் ஹார்ட்' படத்தில் அதைப் பயன்படுத்தினார். அதைத் திரையில் கேட்ட பலருக்கு அது யாருடைய இசை என்றே தெரிந்திருக்காது.

1981இன் லண்டனையும் மறந்துவிடக் கூடாது. ஜனவரியில் நியூ கிராஸில் ஒரு வீட்டு விருந்தில் தீப்பிடித்துப் பதின்மூன்று கறுப்பின இளையோர் இறந்தார்கள். ஏப்ரலில் பிரிக்ஸ்டன் வட்டாரம் கலவரத்தில் எரிந்தது. கறுப்பின இளைஞர்களைத் தெருவில் நிறுத்திச் சோதிப்பது போலீஸின் அன்றாட வேலையாக இருந்தது. ஆப்பிரிக்கா என்ற சொல் அங்கே ஒருவருக்கு எதைக் குறித்தது என்பதை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் யோசிக்க வேண்டும். போய்ச் சேர முடியாத வீட்டை ஒலியில் கட்டிக்கொண்டார்கள். பொய்யான ஆப்பிரிக்கா என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். ஏக்கம் பொய்யாக இருந்தால் அந்த முரசு இப்படி ஒலிக்காது.

அடுத்த தட்டுகள் வேகமாக வந்தன. 1982இல் 'என்விரான்மென்டல் ஸ்டடீஸ்', 1983இல் 'டிராஸ்டிக் சீசன்'. முதலாவதில் நீரோசையும் மோதும் ஒலிகளும் தாளத்துக்குள் வந்து உட்கார்ந்தன. இரண்டாவது இன்னும் கடுமையானது. மெட்டு என்று பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் ஒலியே உடைந்து உடைந்து விழும். அதை நான் மதிக்கிறேன், அடிக்கடி போட்டுக் கேட்பதில்லை. 1986இல் வந்த 'ஆஃப் த பீட்டன் டிராக்' வேறு ரகம். அதில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மொழியையும் சிந்தனையையும் பற்றிப் பேசிய பழைய ஒலிப்பதிவு ஒன்றை எடுத்து முரசுகளுக்கு நடுவே வைத்தார்கள். ஜெர்மன் வாடையடிக்கும் அந்த நிதானமான ஆங்கிலம் டப் தாளத்தில் இவ்வளவு இயல்பாகப் பொருந்தும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்!

இதற்கிடையில் ஒரு பெரிய இழப்பு. 1983 செப்டம்பரில் பிரின்ஸ் ஃபார் ஐ கிங்ஸ்டனில் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஷெர்வுட்டுக்கு அவர் நண்பர், வழிகாட்டி, முதல் குழுக்களின் மையக்குரல். அந்தச் சாவுக்குப் பின் ஷெர்வுட் ரெகேயிலிருந்து சில காலம் விலகிப்போனார். டெப்பெச் மோட் போன்ற பிரபலக் குழுக்களின் பாடல்களை மறுகலவை செய்தார், இயந்திரத் தாளத்தோடு மோதிப் பார்த்தார். அமெரிக்காவின் ஷுகர்ஹில் ரெக்கார்ட்ஸில் ராப் இசையின் ஆரம்பகாலத் தட்டுகளுக்கு வாசித்த கிட்டார் கலைஞர் ஸ்கிப் மெக்டொனால்டும் பேஸ் கலைஞர் டக் விம்பிஷும் இந்தக் காலத்தில்தான் அவரோடு சேர்ந்தார்கள். இருவரும் பிறகு ஹெட் சார்ஜ் தட்டுகளிலும் வந்து வாசித்தார்கள். 2023 தட்டிலும் இருவர் பெயரும் இருக்கிறது.

இனி என் மனத்துக்கு மிக நெருக்கமான தட்டுக்கு வருகிறேன். 1990இல் வந்த 'சாங்ஸ் ஆஃப் பிரைஸ்'. துதிப்பாடல்கள். உலகின் பல மூலைகளில் பதிவான வழிபாட்டுப் பாட்டுகள், மாடு மேய்ப்போரின் அழைப்புகள், தேவாலயக் கூட்டுக்குரல்கள் ஆகியவற்றை எடுத்து, அவற்றின் கீழே போன்ஜோவின் முரசும் கனமான பேஸும் வைத்துக் கட்டினார்கள். வெறும் ஒட்டுவேலையாகப் போயிருக்க வேண்டியது. அப்படிப் போகாமல் காத்தவர் போன்ஜோ. முன்பு ஷெர்வுட்டின் சோதனைக்குத் தாளம் தந்த கலைஞராக இருந்தவர் இங்கே பூசாரியாக முன்னால் நிற்கிறார். தானே பாடுகிறார், நியாபிங்கித் துதியைத் தொடங்கி வைக்கிறார். எந்தக் கடவுளை யார் எந்த மொழியில் கூப்பிட்டாலும் முரசு அதைத் தன் வீட்டுப் பாட்டாக எடுத்துக்கொள்கிறது. டப் இசையில் பக்தி என்று ஒன்று உண்டா என்று கேட்பவரிடம் நான் இந்தத் தட்டைத்தான் நீட்டுவேன்.

ஆனால் அந்தக் குரல்கள் டேப்பிலிருந்து வந்தவை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவற்றைப் பாடியவர்கள் யாரும் லண்டன் கூடத்துக்கு வரவில்லை, ஷெர்வுட்டோடு உட்கார்ந்து டீ குடிக்கவில்லை. தங்கள் பாட்டு என்னவாயிற்று என்று அவர்களில் பலருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. எடுத்தவர்கள் மரியாதையோடு எடுத்தார்கள் என்பதை இசையே காட்டுகிறது. இருந்தாலும் எடுப்பது எடுப்பதுதான். இந்த இடத்தில்தான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு மிகத் தெளிவாகத் தெரிகிறது. அதற்குச் சற்றுப் பின் வருகிறேன்.

'சாங்ஸ் ஆஃப் பிரைஸ்' இன்னொன்றையும் செய்தது. பெயராக மட்டும் இருந்ததைக் குழுவாக்கியது. ஹெட் சார்ஜ் மேடை ஏறியது. 1991இல் 'பிரைட் அண்ட் ஜாய்' என்ற மேடைப் பதிவும் வந்தது. கூடத்தில் டேப்பை வெட்டிச் செய்ததை மேடையில் செய்ய முடியாது. அங்கே முரசுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்து வாசிக்க வேண்டும், மிக்சிங் பலகையில் உள்ளவர் அந்தக் கணத்திலேயே எதிரொலியை வீச வேண்டும். போன்ஜோ வளர்ந்த நியாபிங்கிக் கூடுகையின் இயல்பும் அதுதான்.

1993இல் வந்தது 'இன் பர்சூட் ஆஃப் ஷாஷமானே லேண்ட்'. எத்தியோப்பியாவின் ஷாஷமானேயில், மேற்குலகிலிருந்து திரும்பி வர விரும்பும் கறுப்பின மக்களுக்கென்று பேரரசர் ஹெய்லி செலாசி 1948இல் நிலம் ஒதுக்கினார். ராஸ்தாக்களுக்கு அது வாக்களிக்கப்பட்ட மண். ஜமைக்காவிலிருந்து சிலர் உண்மையிலேயே போய்க் குடியேறினார்கள். பெரும்பாலோருக்கு அது பாட்டிலும் பிரார்த்தனையிலும் மட்டும் இருந்த ஊர். தட்டின் தலைப்பும் அந்த நிலத்தைத் தேடிப் போவதைத்தான் சொல்கிறது.

போன்ஜோ தேடியதோடு நிற்கவில்லை. 1990களில் ஆப்பிரிக்காவுக்கே குடிபெயர்ந்தார். அவர் போனது எத்தியோப்பியாவுக்கு இல்லை, கானாவுக்கு. இதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஜமைக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பங்கினர் இன்றைய கானாவும் நைஜீரியாவும் இருக்கும் மேற்குக் கடற்கரைப் பகுதிகளிலிருந்து ஏற்றப்பட்டவர்கள். கானாவும் தன் பங்குக்குக் கதவைத் திறந்து வைத்தது. ஆப்பிரிக்க வம்சாவளியினர் அங்கே வசிக்கும் உரிமை கோரலாம் என்று 2000இல் சட்டம் செய்தது. 1619இல் வர்ஜீனியாவில் முதல் ஆப்பிரிக்க அடிமைகள் இறக்கப்பட்டு 400 ஆண்டுகள் ஆனதை ஒட்டி 2019ஐ 'திரும்பி வரும் ஆண்டு' என்று அறிவித்தது. போன்ஜோ அந்த அழைப்புகளுக்கெல்லாம் முன்னாலேயே போனவர்.

அதன்பின் சில ஆண்டுகள் போன்ஜோவும் ஷெர்வுட்டும் தனித்தனிப் பாதையில் போனார்கள். போன்ஜோ குழுவின் பெயரில் சில தட்டுகளைத் தானே கொண்டுவந்தார். ஷெர்வுட்டின் எதிரொலி இல்லாமல் முரசு வெளிச்சத்தில் நிற்கிறது அவற்றில். நல்ல முரசுதான், ஆனாலும் ஏதோ குறைகிறது. 2005இல் இருவரும் மீண்டும் சேர்ந்து வெளியிட்ட தட்டின் பெயர் 'விஷன் ஆஃப் எ சைக்கடெலிக் ஆப்பிரிக்கா'. எந்த ஈனோ பேட்டியிலிருந்து தொடங்கினார்களோ அதையே இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்துத் தலைப்பாக வைத்தார்கள். 2011இல் 'வூடூ ஆஃப் த காட்சென்ட்'. பிறகு பன்னிரண்டு ஆண்டு மௌனம்.

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்தக் குடும்பம் பலரை இழந்தது. ஜமைக்காவின் ரூட்ஸ் ராடிக்ஸ் குழுவின் தூணும் டப் சிண்டிகேட்டின் உயிருமாக இருந்த டிரம்மர் லிங்கன் 'ஸ்டைல்' ஸ்காட் 2014 அக்டோபரில் ஜமைக்காவில் கொல்லப்பட்டார். பிரின்ஸ் ஃபார் ஐ போனதுபோலவே போனார். வயதாகி ஓய்வெடுக்க வேண்டிய மனிதர். சாக்சஃபோன் கலைஞர் 'டெட்லி' ஹெட்லி பென்னட் 2016இல் மறைந்தார். இந்த வட்டத்தோடு நெடுங்காலம் உறவாடிய ஜமைக்க இசைத் தயாரிப்பாளர் லீ 'ஸ்க்ராட்ச்' பெர்ரி 2021இல் மறைந்தார். கூட்டாக இயங்கும் குழுவின் பலம் ஒருவர் போனால் இன்னொருவர் வருவார் என்பது. ஸ்காட்டின் இடத்தில் யாரும் வரவில்லை. அந்த அடி அவருடையது மட்டும்தான்.

போல்கடாங்காத் தட்டு வந்த அதே 2023இல் அண்ணன் குழுவான கிரியேஷன் ரெபெலும் நாற்பதாண்டு இடைவெளிக்குப் பின் ஒரு தட்டோடு திரும்பி வந்தது. அதன் பெயர் 'ஹோஸ்டைல் என்விரான்மென்ட்'. ஆவணம் இல்லாத குடியேறிகளுக்கு வாழ்க்கையைக் கடினமாக்குவோம் என்று பிரிட்டிஷ் உள்துறை 2012 முதல் நடத்திய கொள்கையின் பெயரும் அதுவே. கரீபியத் தீவுகளிலிருந்து இரண்டாம் உலகப் போருக்குப்பின் அழைத்து வரப்பட்ட தலைமுறையில் பலர், பிரிட்டனிலேயே ஆயுளைக் கழித்தவர்கள், அந்தக் கொள்கையால் வேலையையும் மருத்துவத்தையும் இழந்தார்கள், சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். 2018இல் அது பெரும் சர்ச்சையாக வெடித்தது. 1981இல் பிரிக்ஸ்டன் தெருவில் அடையாளம் காட்டு என்று நிறுத்தப்பட்ட இளைஞர் அறுபதைத் தாண்டியபின் குடியுரிமைக் காகிதத்தைக் காட்டு என்று கேட்கப்படுகிறார். இந்தப் பக்கத்தில் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

'எ ட்ரிப் டு போல்கடாங்கா'வில் அப்படியான கோபம் இல்லை. அதில் இருப்பது ஊர். வடக்குக் கானாவின் ஃப்ராஃப்ரா மக்களிடம் 'கொலோகோ' என்ற வாத்தியம் உண்டு. சுரைக்குடுக்கையின்மேல் தோல் கட்டி, இரண்டே தந்தி பூட்டியது. அதை வாசித்துக் கரகரத்த குரலில் பாடிப் புகழ்பெற்ற கிங் அயிசோபா இந்தத் தட்டில் வந்து பாடுகிறார். முன்பு விட்டுவைத்த பேச்சு இதுதான். 1990இல் ஆப்பிரிக்கக் குரல் டேப்பில் வந்தது. 2023இல் அது தன் பெயரோடு வந்து உட்கார்ந்து, தன் வாத்தியத்தைத் தானே சுருதி சேர்த்துக்கொண்டு, தன் மொழியில் தான் சொல்ல நினைத்ததைச் சொல்கிறது. கானாவின் வேறு கலைஞர்களும் லண்டன் பழைய ஆட்களும் அதே தட்டில் தோள் உரசி நிற்கிறார்கள். அழைத்தவர் அந்த ஊரில் பல்லாண்டு வாழ்ந்தவர் என்பதால்தான் இது நடந்தது. விமானத்தில் போய் ஒரு வாரம் ஒலி பிடித்துவந்து இதைச் செய்திருக்க முடியாது.

இசை எப்படி? பழைய தட்டுகளின் திகில் இதில் குறைவு. 'டிராஸ்டிக் சீச'னில் அடுத்த நொடி என்ன உடையும் என்று தெரியாது. இங்கே வண்டி மண் சாலையில் நிதானமாகப் போகிறது. ஊதுகுழல்கள் மெதுவாக ஏறுகின்றன, பேஸ் அகலமாக விரிகிறது, ஷெர்வுட்டின் எதிரொலி முன்பிருந்த மூர்க்கம் தணிந்து மேகம்போலக் கடந்து போகிறது. இன்று அவர் வேலை செய்வது கென்ட் கடற்கரையில் உள்ள ராம்ஸ்கேட்டில். டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டிய காலம் போய்விட்டது. அந்த வெட்டில் தவறும் விபத்தும் உண்டு, தவறிலிருந்தே பாதி அழகு வந்தது. இன்று எந்த எதிரொலியும் கணினியில் ஒரு சொடுக்கில் கிடைக்கும். எதிரொலி மலிந்துவிட்ட காலத்தில் டப்பின் மதிப்பு எதை எடுத்துவிடுவது என்று தெரிந்த காதில்தான் இருக்கிறது. அந்தக் காது ஷெர்வுட்டுக்கு மழுங்கவில்லை.

விற்பனை மாறிய விதத்தை நீட்டி எழுத அவசியமில்லை. அன்று சிறு எண்ணிக்கையில் அடித்த தட்டுகள் பழைய தட்டுக் கடைகளில் தேடிப் பிடிக்க வேண்டியவையாக இருந்தன. 2016இல் முதல் நான்கு தட்டுகளை ஆன்-யு சவுண்ட் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. 2020இல் 1990 முதல் 2011 வரையிலான வேலைகளைத் தொகுத்து 'டிரம்மிங் இஸ் எ லாங்குவேஜ்' என்று ஒரு பெட்டி வந்தது. இப்போது எல்லாமே கைபேசியில் கிடைக்கின்றன. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் ஒருவர் இன்றிரவே கேட்டுவிடலாம். 1981இல் லண்டனில் இருந்தவர்களில்கூடச் சில ஆயிரம் பேரைத் தாண்டி இது போயிருக்காது என்பது என் ஊகம்.

என் தீர்ப்பைக் கேட்டால், துணிச்சலில் பழைய தட்டுகளே மேல். 1981 முதல் 1990 வரையிலான அந்த ஐந்தும் டப் என்ற கலையின் எல்லையைத் தள்ளி வைத்தவை. பின்னால் பிரிட்டனில் வந்த மெதுவான, இருண்ட மின்னணு இசையில் அவற்றின் நிழல் நிறைய இருக்கிறது. நேர்மையில் புதிய தட்டு மேல். ஏக்கத்தால் செய்த இசைக்கும் இருப்பால் செய்த இசைக்கும் ஒரே அளவுகோலைப் பிடிக்கக் கூடாது. போன்ஜோ ஏங்கிய இடத்துக்குப் போய் வாழத் தொடங்கிவிட்டார். அவரிடம் பழைய ஏக்கத்தின் அதிர்வை மீண்டும் கேட்பது அநியாயம்.

கேட்கத் தொடங்குபவர்கள் 'சாங்ஸ் ஆஃப் பிரைஸ்' தட்டிலிருந்து தொடங்குங்கள். அது பிடித்தால் 'ஆஃப் த பீட்டன் டிராக்', அதன்பின் முதல் தட்டு, கடைசியில் போல்கடாங்கா. கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், பேஸ் அதில் வராது. பேஸ் இல்லாத டப்பில் கேட்க ஒன்றுமில்லை. நல்ல ஹெட்ஃபோனோ, அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்வார்கள் என்றால் பெரிய ஸ்பீக்கரோ வைத்துக் கேளுங்கள்.